சிற்றுருவில் நாற்சார் வீடு

பெரியதொன்றைச் சிறிதாக்கிக் கண்முன் நிறுத்தும் கலை தமிழ் மக்களுக்குப் புதியதன்று. மாமல்லபுரத்திலே 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்திற் பாறையைச் செதுக்கி அமைத்த இரதங்களைக் கண்டவர்கள், அவற்றுள் மிகச் சிறியதாகிய திரௌபதி இரதத்தை மறந்திருக்க மாட்டார்கள். கூரை வேய்ந்த ஒரு குடிசையின் வடிவமே அது. அக்காலத்திலே மரத்தாலும் ஓலையாலும் கட்டிய குடிசைகள் எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டன. அவற்றின் கூரை எவ்வாறு வளைந்து இறங்கியது என்பதை இன்று அந்தக் கற்குடிசை எடுத்துரைக்கின்றது.

கோயில் விமானத்தை அண்ணாந்து பார்ப்பவர்க்கும் இவ்வுண்மை புலனாகும். ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் சிறு சிறு கட்டடங்கள் வரிசையாக நிற்கும். சதுரமாய் நிற்பது கூடம். நீண்டு கிடப்பது சாலை. கூடுபோல் முன்னே தோன்றுவது பஞ்சரம். பெரிய கட்டடத்தைச் சிறிய கட்டடங்களாலேயே அலங்கரித்த பெருமை நம் முன்னோர் மரபிற்கு உரியது. இந்த மரபின் எளிய கிளை ஒன்று தஞ்சாவூரிலே இன்றும் தழைத்து நிற்கின்றது. நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டிலுள்ள வெண்ணிறச் சோற்றை உலர்த்தி, கூரிய கத்தியால் மெல்லியதாகச் சீவி, பெரிய கோயிலின் உருவத்தைக் கைக்கடக்கமாக அமைத்துக் கண்ணாடிப் பெட்டியினுள் வைத்து விற்கின்றார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020ஆம் ஆண்டிலே புவிசார் குறியீடும் கிடைத்தது. குளத்திலே தானாக முளைக்கும் ஒரு செடிதான் இத்தனை சிறப்புக்கும் மூலப்பொருள் என்பது கருதத்தக்கது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இக்கைத்திறனுக்குக் குறைவில்லை. கோயில் திருவிழாவிலே, மெல்லிய மரச்சட்டங்களையும் வண்ணத் தாள்களையும் கொண்டு கோபுரம் போன்ற சப்பறத்தை எழுப்புகின்ற கைகள் இங்கே உள்ளன. நத்தார்க் காலத்திலே வைக்கோலும் தடியுங் கொண்டு பாலன் குடில் அமைக்கும் சிறுவர்கள் ஊர்தோறும் உள்ளார்கள். இந்தக் கைகளிடம் ஓர் அளவுகோலையும் ஒரு நோக்கத்தையும் ஒப்படைத்தால், அவற்றால் ஆகக்கூடிய பணி பெரிது. எந்த நோக்கம், எந்தப் பணி என்பதே இப்பேச்சின் பொருள்.

சிற்றுருக் கட்டடம் என்றவுடன் பெருஞ்செலவு என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இலண்டன் மாநகரில் சென் போல் தேவாலயத்தை மீளக் கட்ட எண்ணிய கிறிஸ்தோபர் ரென், 1673ஆம் ஆண்டு தொடங்கி 1674ஆம் ஆண்டு வரையில் ஓக்கு மரத்திலே ஒரு மாதிரியைச் செய்வித்தார். ஆள் உள்ளே புகுந்து பார்க்கத்தக்க அளவினதாகிய அதற்கு, அக்காலத்து நல்ல வீடொன்றின் விலையே செலவாயிற்று என்பர். அந்த மாதிரியின்படி தேவாலயம் கட்டப்படவில்லை என்பது வேறு கதை. ஆனால் அதே இங்கிலாந்தில், இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்த ஆண்டுகளிலே, பண்டங்களுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவிய வேளையில், ஜெப்ரி ஹெய்வே என்பவர் அஞ்சலட்டை போன்ற சிறு அட்டைகளிலே கட்டடங்களின் பகுதிகளை அச்சிட்டு, மலிந்த விலைக்கு விற்றார். கத்தரிக்கோலும் பசையும் உள்ளவர் எவரும் ஒரு தேவாலயத்தைத் தம் உள்ளங்கையிலே கட்டி முடிக்கலாம் என்றாயிற்று. ரெனுடைய மாதிரிக்கும் ஹெய்வேயின் அட்டைக்கும் பொதுவாய் நின்றது ஒன்றே. அதுதான் அளவு. அளவு பிழைத்தால் ஓக்கு மரமும் வீண். அளவு சரியானால் அட்டையும் போதும்.

இனி, குடாநாட்டிலே எதனை உருவமைப்பது? இவ்வினாவுக்கு விடை வீதியிலேயே உண்டு. ஒரு காலத்தில் ஊர்தோறும் காணப்பட்ட பல அமைப்புகள் இன்று அருகிவிட்டன. தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கென நாட்டிய சுமைதாங்கி. மாடுகள் உடலை உரசிக்கொள்ளும் ஆவுரோஞ்சிக் கல். வழிப்போக்கர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குமாறு, வீட்டு வாயிலின்மேல் சிறு கூரையும் இருபுறமும் இருக்கையுமாக அமைந்த சங்கடப்படலை. தெருவையே மூடி நிற்கும் மடம். நடுவே முற்றமும் நாற்புறமும் சார்ப்புகளும் கொண்ட நாற்சார் வீடு. இவற்றுட் சில போரினால் அழிந்தன. சில ஆளில்லாமையால் இடிந்தன. சில, புதிய வீட்டுக்கு இடம் வேண்டுமென்று உரியவர்களாலேயே இடிக்கப்பட்டன. சங்கடப்படலை என்ற சொல்லைப் பாடப்புத்தகத்திலே படித்த பிள்ளைக்கு, அதன் கீழே ஒருநாளும் ஒதுங்கி நின்ற அனுபவம் இல்லை. சொல் மட்டும் எஞ்சிப் பொருள் மறைவது ஒரு சமுதாயத்துக்குப் பெரிய இழப்பாகும்.

ஆதலால், இக்கலையைப் பயில விரும்புவோர் தம் ஊர்க் கட்டடங்களையே படிமுறையாக எடுத்துக்கொள்ளுதல் நன்று. முதற் பாடம் சுமைதாங்கி. நிமிர்ந்த கல் இரண்டு, அவற்றின்மேல் கிடந்த கல் ஒன்று, துண்டுகள் மூன்றே. இரண்டாம் பாடம் சங்கடப்படலை. கூரை அமைக்கும் முறை இங்கே கைவரும். மூன்றாம் பாடமாகப் பருத்தித்துறையிலே தும்பளை வீதியில் நிற்கும் தெருமூடி மடத்தைக் கொள்ளலாம். தெருவின் இருமருங்கும் திண்ணைகள், கற்றூண்கள், நடுவே வண்டிகள் செல்லும் வழி, எல்லாவற்றையும் மூடிய கூரை என அது அமைந்துள்ளது. தூண்களின் வரிசையையும் இடைவெளியையும் சரியாக அமைக்கும் பயிற்சிக்கு அது உகந்தது. இம்மூன்றும் கைவந்த பின்னரே நாற்சார் வீட்டைத் தொடுதல் வேண்டும்.

முதலிலே அளவுப் பிரமாணத்தைத் தீர்மானித்தல் வேண்டும். பழைய வீடுகள் அடிக்கணக்கிலும் அங்குலக் கணக்கிலும் கட்டப்பட்டவை. ஆகவே ஓரடிக்குக் கால் அங்குலம் என்ற பிரமாணம் வசதியானது. உண்மை அளவில் 48இல் ஒரு பங்கு என்பது இதன் பொருள். 48 அடிச் சதுரமான நாற்சார் வீடு இக்கணக்கில் ஓரடிச் சதுரத்துள் அடங்கிவிடும். ஆறடிக் கதவு ஒன்றரை அங்குலமாகும். ஐந்தடி மனிதன் ஒன்றேகால் அங்குலமாவான். இந்தக் கணக்கும் கடினமென்று கருதும் சிறுவர், சதுரக் கோடிட்ட கணிதக் கொப்பியை எடுத்து, ஒரு கட்டம் ஓரடி என்று வைத்துக்கொண்டு படம் கீறலாம். அப்பொழுது அளவுகோலும் வேண்டியதில்லை. எழுதி முடித்த கொப்பியின் வெற்றுப் பக்கங்களே போதும்.

அடுத்தது, நிற்கின்ற கட்டடத்தை அளத்தல். நீள அகலங்களை நாடாவால் அளக்கலாம்; நாடா இல்லாதவர் முடிச்சிட்ட கயிற்றால் அளக்கலாம். உயரத்தை அளப்பதிலேதான் பலர் தடுமாறுவர். ஏணியில் ஏறத் தேவையில்லை. மூன்றடித் தடியொன்றை வெளியிலே நேராக நட்டு, அதன் நிழல் மூன்றடியாகும் வேளையை எதிர்பார்த்திருத்தல் வேண்டும். குடாநாட்டிலே இது பெரும்பாலும் காலை ஒன்பது மணியை அடுத்தும் பிற்பகல் மூன்று மணியை அடுத்தும் நிகழும். அவ்வேளையில் சமதரையிலே நிற்கும் மதிலின் நிழல் எவ்வளவோ, மதிலின் உயரமும் அவ்வளவே. மரத்துக்கும் கம்பத்துக்கும் இது பொருந்தும்.

கூரையின் முகட்டு உயரத்துக்கு வேறொரு வழி உண்டு. 16 அடி அகலமான ஓர் அறையின் மேல் இருபுறமும் சரிந்த கூரை இருப்பதாகக் கொள்வோர், சுவருக்கும் முகட்டுக்கும் இடையிலுள்ள ஓட்டு வரிசைகளை எண்ணிப் பார்க்கட்டும். மங்களூர் ஓட்டின் ஒரு வரிசை ஏறத்தாழ ஓரடி வெளித்தெரியும். வரிசை பத்து என்றால் சரிவின் நீளம் பத்தடி. அறையின் அரை அகலம் எட்டடி. செங்கோண முக்கோணத்தின் ஒரு பக்கம் எட்டு, கர்ணம் பத்து என்றால், மற்றப் பக்கம் ஆறு. சுவரின் மேல் முகடு ஆறடி உயர்ந்து நிற்கின்றது என்பது நிலத்தில் நின்றபடியே பெறப்பட்டது. கேத்திரகணிதத்தை வெறும் பரீட்சைப் பாடமாகக் கருதி வெறுத்த மாணவனும், அது தன் பாட்டனுடைய வீட்டின் முகட்டைத் தொட்டுக் காட்டியதைக் கண்டபின் வெறுக்க மாட்டான்.

அளவு கிடைத்ததும் பொருள்களைத் தேடல் வேண்டும். சுவருக்குக் கடைகளில் எறியப்படும் காட்போட் பெட்டிகள் போதும். ஆனால் புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் ஒரு பிழை செய்வர். ஒற்றை அட்டையை நிறுத்திச் சுவர் என்பர். பழைய வீட்டின் சுவர் தடித்தது. அந்தத் தடிப்பு யன்னலருகிலும் வாயிலருகிலும் கண்ணுக்குத் தெரியும். ஓரடித் தடிப்பான சுவருக்குக் கால் அங்குலம் வேண்டும். இரண்டு அட்டைகளை ஒட்டினால் அது கிடைக்கும். இவ்வொரு செயலாலேயே விளையாட்டுப் பெட்டி போன்றிருந்த உருவம் வீடாகிவிடும்.

ஓட்டுக் கூரைக்கு அதே பெட்டி உதவும். அட்டையின் மேற்றாளை ஈரத்துணியால் நனைத்து மெல்ல உரித்தெடுத்தால், உள்ளே அலை அலையான மடிப்புகள் தோன்றும். அவை பழைய வீடுகளின் பீலி ஓட்டு வரிசையைப் போன்றவை. தடித்த பெட்டியின் மடிப்புகள் பெரியவை. அவை ஓரடிக்கு அரை அங்குலம் என்ற பெரிய உருவத்திற்கே பொருந்தும். கால் அங்குல உருவத்துக்கு, சிறு பண்டங்கள் வரும் மெல்லிய பெட்டிகளின் நுண்ணிய மடிப்புகளைத் தேடி எடுத்தல் வேண்டும். ஓலைக் கூரைக்குத் தென்னந்தும்பு அல்லது மெல்லியதாகக் கிழித்த பனையோலை போதும். தூணுக்குத் தென்னை ஈர்க்கின் அடிப்பகுதி. யன்னற் கம்பிக்கு அதன் நுனி. சிலாகைக்கும் வளைக்கும் தீக்குச்சி. கதவுக்கு ஐஸ்கிறீம் குச்சியைப் பிளந்த பலகை. கடையிலே விலை கொடுத்து வாங்கும் ரிஜிபோம் எளிதில் வெட்டப்படுவதாயினும், அதன் விளிம்பு பொருபொருத்து உதிரும்; நுண்ணிய வேலைக்கு அட்டையே மேலானது.

பசைக்குக் கோதுமை மாவைத் தண்ணீரிற் கரைத்துக் காய்ச்சி, சிறிது படிகாரம் சேர்த்தால் விரைவிற் கெடாது. வேம்பிலே வடியும் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்தும் பயன்படுத்தலாம். சுவருக்குச் சுண்ணாம்பு நீர். திண்ணை விளிம்புக்குக் காவி. ஓட்டுக்கு உடைந்த ஓட்டை இடித்துச் சலித்த தூள். பழைய மரத்தின் நிறத்துக்குக் கடுஞ் சாயத் தேநீர். மஞ்சளை மட்டும் நம்புதல் கூடாது. வெயில் பட்டால் அதன் நிறம் மங்கிவிடும். முற்றத்து மணலைத் துணியிலே சலித்து, பசை பூசிய தரையில் தூவினால் வெண்மணல் முற்றம் வந்துவிடும்.

மாரி காலத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஐப்பசி, கார்த்திகை மாதத்து ஈரக்காற்றில் அட்டை வளையும். ஒரு பக்கத்திலே மட்டும் தாள் ஒட்டிய அட்டை இன்னும் அதிகமாக வளையும். ஆகையால் இருபக்கமும் தாள் ஒட்டி, பாரமான புத்தகங்களின் கீழ் ஓரிரவு வைத்து உலர்த்தல் வேண்டும். கறையானுக்கு எட்டாதபடி உருவத்தை மேசை மேலே வைப்பதும், இனிப்புப் பண்டம் வந்த ஒளிபுகும் பெட்டியொன்றால் மூடுவதும் போதிய காவலாகும்.

நாற்சார் வீட்டிலே கடினமான பகுதி கூரையின் உள்மூலை. நான்கு சார்ப்புகளின் கூரைகளும் முற்றத்தை நோக்கிச் சரிந்து, மூலைகளிலே ஒன்றையொன்று சந்திக்கும். இரு கூரைகளின் சரிவும் ஒன்றாயிருப்பின், அவை சந்திக்கும் கோடு மேலிருந்து பார்க்கையில் 45 பாகை சரிந்திருக்கும். ஆனால் அந்தக் கோணத்தை அப்படியே அட்டையில் வெட்டினால் பொருந்தாது. கூரை சாய்ந்து கிடப்பதால் உண்மையான வெட்டு வேறுபடும். முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிழை திருத்தி, பின்பு அட்டையிலே கை வைப்பவனுக்கு நட்டமில்லை. மழைநீர் எந்த மூலையால் இறங்கி முற்றத்தில் எங்கே விழுந்து எவ்வழியாக வெளியேறும் என்பதை அப்பொழுது அவன் தன் கையாலேயே அறிந்துகொள்வான். வெயிற் கொடுமையும் திடீர்ப் பெருமழையும் உள்ள இந்நிலத்தில், முற்றத்தின் வழியே காற்றையும் ஒளியையும் வரவழைத்துத் திண்ணையைக் குளிர வைத்த முன்னோரின் அறிவு, நூறு பக்கம் படிப்பதைவிட இவ்வொரு மூலையை ஒட்டுவதில் நன்கு விளங்கும்.

இதுகாறும் கூறியது நிற்கின்ற வீட்டைப் பற்றி. இல்லாத வீட்டை எவ்வாறு அளப்பது? இந்த வினா குடாநாட்டிலே வெறும் கற்பனை வினா அன்று. 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்களுக்கு, 2009இல் போர் முடிந்த பின்னர் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிச் சென்ற பலர் தம் வீடு நின்ற இடத்தில் வீட்டைக் காணவில்லை. கிணற்றைக் கொண்டும் எஞ்சிய மரத்தைக் கொண்டும் வளவை அடையாளம் கண்டோர் உண்டு. படம் இல்லை, வரைபடம் இல்லை, முதியோரின் நினைவு மாத்திரம் உண்டு. அந்த நினைவும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது.

நினைவையும் அளக்கலாம். முதியவரிடம் அறை எத்தனை அடி என்று வினவினால் விடை வாராது. அந்த அறையிலே எத்தனை பாய் விரித்தீர்கள் என்று வினவினால் உடனே வரும். பாயின் அளவு தெரிந்ததே. பாயை எண்ணினால் அறையின் அளவு பெறப்படும். கட்டிலைப் போட்டபின் கதவு முழுவதும் திறந்ததா, இடித்ததா? படலையால் மாட்டுவண்டி உள்ளே வந்ததா, வெளியே நின்றதா? திண்ணைக்கு எத்தனை படி? தூண்கள் எத்தனை? மணவறை எவ்விடத்திற் போடப்பட்டது? தைப்பொங்கலன்று முற்றத்தில் எந்த மூலையிலே அடுப்பு மூட்டினார்கள், சூரியன் எந்தக் கூரைக்கு மேலாகத் தோன்றியது? இவ்வினாக்களுக்குப் பெறும் விடைகளால் வாயிலின் அகலமும் தரையின் உயரமும் வீடு நோக்கிய திசையும் ஒவ்வொன்றாக வெளிப்படும். பொங்கற் பானையே திசையறி கருவியாகின்றது.

ஒரே வீட்டிலே பிறந்த அக்காவும் தம்பியும் சமையலறையின் யன்னலைப் பற்றி முரண்பட்டுக் கூறுவதும் உண்டு. அம்முரண்பாட்டை அஞ்ச வேண்டியதில்லை. அயலவர் ஒருவரை மூன்றாவதாகக் கேட்கலாம். அப்பொழுதும் தெளியாவிடின், அவ்வுருவத்தைச் செய்யும் பிள்ளை ஒரு நெறியைக் கடைப்பிடித்தல் நன்று. உறுதியாக அறிந்த பகுதிகளுக்கே நிறந்தீட்டல் வேண்டும். அறியாத பகுதியை நிறமிடாத வெற்று அட்டையாகவே விடல் வேண்டும். பார்ப்பவர் எது அறிந்தது, எது அறியாதது என்று பிரித்துணர்வர். அழகுக்காக இல்லாத யன்னலை வைப்பவன் வீட்டைக் காப்பவன் ஆகான். அவன் வேறொரு வீட்டைக் கட்டியவன் ஆவான். உண்மை பேசுதல் நாவுக்கு மட்டுமன்று, கைக்கும் உரிய அறமாகும்.

அளவும் பதிவும் என்ன பயன் தரும் என்று ஐயுறுவோர்க்கு இரண்டு சான்றுகள் கூறலாம். ஒன்று தொலைதேசத்தது. போலந்து நாட்டின் தலைநகரமாகிய வார்சோவின் பழைய நகரப் பகுதி இரண்டாம் உலகப் போரிலே தரைமட்டமாக்கப்பட்டது. ஆனால் அந்நகரத்துத் தொழினுட்பக் கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். அழிவிலிருந்து மறைத்துக் காக்கப்பட்ட அவ்வரைபடங்களும் பழைய ஓவியங்களும் துணை நின்றமையால், அப்பகுதி மீளக் கட்டப்பட்டது. 1980ஆம் ஆண்டில் அது உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. மாணவருடைய பென்சிற் கோடுகள் ஒரு நகரத்தை மீட்டன.

மற்றச் சான்று யாழ்ப்பாண நகரத்தின் நடுவிலேயே நிற்கின்றது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் வகுத்த வடிவத்தின்படி எழுந்து, 1959ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன் தோற்றம் நன்கு அறியப்பட்டிருந்தமையால், அதே தோற்றத்தில் கட்டடம் மீள எழுந்து, இன்று வெண்ணிறமாய்ப் பொலிகின்றது. ஆனால் அதனுள்ளே இருந்த, வேறு படி எடுக்கப்படாத ஏட்டுச் சுவடிகள் திரும்பி வரவில்லை. ஒரே இடத்திலே, ஒரே இரவிலே அழிந்தவற்றுள் படியுள்ளது மீண்டது, படியில்லாதது மீளவில்லை. யாழ்ப்பாணக் கோட்டையினுள் 1706ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயமும் போரிலே அழிந்தது. அது நின்ற இடத்தில் இன்று தேவாலயம் இல்லை.

பெரிய கட்டடங்களுக்கு அரசாங்கமும் அறிஞரும் ஏதேனும் பதிவு வைத்திருப்பர். ஓர் ஒழுங்கைக்குள் நிற்கும் நாற்சார் வீட்டுக்கும், வயலோரத்துச் சுமைதாங்கிக்கும் யார் பதிவு வைப்பர்? நல்லூரிலே சட்டநாதர் கோயிலை அடுத்துப் பழுதுற்று நிற்கும் மந்திரி மனையைப் படம் பிடிக்க வெளியூரார் வருகின்றார்கள். அயல் வீட்டுச் சங்கடப்படலையைப் படம் பிடிக்க எவரும் வருவதில்லை. அதனை அளப்பதற்குரியவர் அவ்வூர்ப் பிள்ளைகளே.

பாடசாலைகள் இப்பணியை எளிதில் மேற்கொள்ளலாம். ஒரு வகுப்பு மாணவர் ஓராண்டில் தம் கிராமத்துக் கட்டடமொன்றை உரியவரின் இசைவுடன் அளந்து, படம் கீறி, உருவமைத்து முடித்தால், பத்தாண்டிலே அப்பாடசாலையில் ஒரு சிறு கிராமமே எழுந்துவிடும். உருவத்தை மட்டும் வைத்தல் போதாது. அதனோடு அளவுகளை எழுதிய கொப்பியையும் வைத்தல் வேண்டும். எவர் சொல்லக் கேட்டது, எந்த ஆண்டில் அளந்தது என்ற குறிப்பும் அதில் இருத்தல் வேண்டும். அட்டை ஒருநாள் உக்கும், அளவு உக்காது. அளவு இருக்குமாயின் அடுத்த தலைமுறை இன்னோர் அட்டையை எடுத்து மறுபடியும் கட்டிக்கொள்ளும். கணிதம், சித்திரம், வரலாறு, தமிழ் என்று வேறு வேறாகக் கற்பிக்கும் பாடங்கள் யாவும் இங்கே ஒரு மேசையின் மேல் வந்து கூடுகின்றன. முற்றம், திண்ணை, விறாந்தை, முகடு, சிலாகை, வளை என்னும் சொற்களெல்லாம் பொருளோடு சேர்ந்து பிள்ளையின் நாவில் நிலைபெறும்.

கடல் கடந்து வாழும் குடும்பங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிறந்த வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் வாழ்கின்ற பாட்டிக்கும், தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுகின்ற பேரனுக்கும் பேசுவதற்குப் பொருள் இல்லாமற் போகின்றது என்று பலர் வருந்துகின்றனர். ஒரு காட்போட் பெட்டியையும் பென்சிலையும் அவர்களிடையே வைத்துப் பார்க்கலாம். "இந்தத் தூணுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது அம்மம்மா?" என்று அவன் கேட்கும் ஒரு கேள்வியே போதும். உரலிருந்தது என்பார், உரலில் இடித்தவர் யாரென்பார், அவர் பாடிய பாட்டு என்னவென்பார். வீட்டோடு ஒரு பரம்பரையே அவ்வட்டையின் மேல் வந்து குடியேறும்.

இதற்கு வேண்டுவது பெரும்பொருள் அன்று. கடைக்காரர் எறிந்த பெட்டி, முற்றத்து ஈர்க்கு, ஒரு பிடி கோதுமை மா, ஒரு கணிதக் கொப்பி ஆகியன எந்த வீட்டிலும் உண்டு. பணங்கொடுத்தும் வாங்க முடியாதது ஒன்றே: நினைவுள்ள முதியவர் உயிரோடிருக்கும் காலம். பெட்டி நாளையும் கிடைக்கும். அந்தக் காலம் நாளைக்குக் கிடைக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆகவே நிற்கின்ற வீட்டை அளப்பதற்கு முன்பே, நிற்காத வீட்டை அறிந்தவரிடம் சென்று, அருகிலே அமர்ந்து, எத்தனை பாய் விரித்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுதல் இன்றே தொடங்கவேண்டிய பணியாகும்.